குவெரி ஓடுகிறது, இடம் மட்டும் வரவில்லை: ஃபியூஸெகியில் ஜியோஸ்பார்க்கிள் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஸ்பார்க்கிள் என்பது டிரிபிள்களை, அதாவது பொருள், பண்பு, மதிப்பு என்று மூன்று துண்டாக எழுதிய டேட்டாவை, தேடும் குவெரி மொழி. ஜியோஸ்பார்க்கிள் அதில் இடத் தேடலைச் சேர்க்கும் தரம். விக்கிடேட்டாவிலிருந்து இறக்கிய இடப்புள்ளிகளை, இத்தகைய டேட்டாவுக்கான அப்பாச்சி ஜீனாவின் ஃபியூஸெகி சர்வரில் ஏற்றிவிட்டு, "சென்னையைச் சுற்றி 20 கி.மீ.க்குள் என்னென்ன இருக்கின்றன?" என்று கேட்டால் முதல் நாளில் பெரும்பாலும் கிடைப்பது வெற்று அட்டவணைதான். பிழைச் செய்தி இருக்காது, லாகிலும் சிவப்பு வரி இருக்காது. குவெரி 200 என்ற நிலைக்குறியோடு நல்லபடியாக முடிந்திருக்கும். இந்தத் துறையின் கோளாறுகளில் பாதி இந்த வெற்று அட்டவணைக்குள் ஒளிந்திருப்பவை. அதனால் அதையே முதலில் பிரித்துப் பார்க்கிறோம்.

படிப்பதற்கு முன் ஒரு குறிப்பு. பண்புகள், ஃபங்ஷன்கள், அமைப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். குவெரியில் தட்டும்போது அவற்றின் ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். மாறிப் பெயர்களும் பிரிஃபிக்ஸ்களும் (நீண்ட முகவரிகளுக்கான சுருக்கப் பெயர்கள்) நாமே வைப்பவை, அவற்றுக்கு ஸ்பார்க்கிள் இலக்கணம் தமிழ் எழுத்தை அனுமதிக்கிறது. கேள்விக்குறி போட்டு "இடம்" என்று மாறிக்குப் பெயர் வைத்தால் ஜீனா ஏற்றுக்கொள்ளும். இது வெறும் வேடிக்கைக்காகச் சொல்வதல்ல, கீழே ஓரிடத்தில் உண்மையாகவே உதவப்போகிறது.

அறிகுறி: வெற்று அட்டவணை

ஸ்பார்க்கிளில் ஃபில்டருக்குள் இருக்கும் கணக்கு பிழையானால் இன்ஜின் நின்றுவிடாது. அந்த வரிசையைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஆகவே "நிபந்தனை பொருந்தவில்லை" என்பதும் "கணக்கே போட முடியவில்லை" என்பதும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபில்டரை எடுத்துவிட்டு, அதே ஃபங்ஷனை பைண்ட் மூலம் ஒரு மாறியில் போட்டு, லிமிட் 10 வைத்து ஓட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்:

- வரிசையே வராது. டிரிபிள் பேட்டர்ன் பொருந்தவில்லை, ஜியோமெட்ரி (இடத்தின் புள்ளி அல்லது எல்லை வடிவம்) வரைக்கும் விஷயம் போகவே இல்லை.
- வரிசை வரும், பைண்ட் மாறியின் கட்டம் மட்டும் காலியாக இருக்கும். கணக்கு பிழையாகியிருக்கிறது.
- கட்டத்தில் ஃபால்ஸ் என்றோ பொருத்தமில்லாத எண்ணோ வரும். கணக்கு நடந்திருக்கிறது, கொடுத்த எண்கள்தான் தப்பு.

இதைச் செய்யாமல் அமைப்புக் கோப்பைத் திருத்தத் தொடங்கினால் ஒரு நாள் வீண்.

வரிசையே வரவில்லை என்றால்

முதல் சந்தேகம் பிரிஃபிக்ஸ். "ஜியோ" என்ற ஒரே சுருக்கத்தை இரண்டு சொற்றொகுதிகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்று இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் 2003ஆம் ஆண்டு சொற்றொகுதி. அதில் லேட், லாங் என்று தனித்தனி எண்கள் இருக்கும். மற்றது புவித்தகவல் தர அமைப்பான ஓஜிசி 2012இல் வெளியிட்ட ஜியோஸ்பார்க்கிள். ஹேஸ்ஜியோமெட்ரி, ஆஸ்டபிள்யூகேடி எல்லாம் இதைச் சேர்ந்தவை. எங்கிருந்தோ எடுத்த குவெரியின் தலைப்பகுதியில் 2003ஆம் ஆண்டு முகவரி இருந்து, உடலில் ஹேஸ்ஜியோமெட்ரி இருந்தால் இலக்கணப்படி அது சரியான குவெரி. ஆனால் அப்படி ஒரு பண்பு எந்த டேட்டாவிலும் இருக்காது. இங்கேதான் தமிழ் பிரிஃபிக்ஸ் கைகொடுக்கிறது: ஓஜிசி முகவரிக்குப் "புவி", டபிள்யூ3சி முகவரிக்குப் "பழைய" என்று வைத்துக்கொண்டால் குழப்பம் போய்விடும். பழைய சொற்றொகுதியில் தீர்க்கரேகைப் பண்பின் பெயர் லாங், நான்கு எழுத்து. லான் என்று மூன்றெழுத்தில் தட்டினாலும் இதே வெற்று அட்டவணைதான்.

இரண்டாவது, டேட்டாவின் அமைப்பு. ஜியோஸ்பார்க்கிள் எதிர்பார்ப்பது இரண்டு படி: இடத்திலிருந்து ஹேஸ்ஜியோமெட்ரி வழியாக ஒரு ஜியோமெட்ரி, அதிலிருந்து ஆஸ்டபிள்யூகேடி வழியாக டபிள்யூகேடி எனப்படும் எழுத்து வடிவம். விக்கிடேட்டாவில் நடுவில் ஆள் இல்லை. ஆயங்களைச் சொல்லும் பி625 பண்பு இடத்திலிருந்து நேரே எழுத்து வடிவத்துக்குப் போகிறது. டேட்டா டைப் சரியாகவே இருந்தாலும் ஜீனாவின் இண்டெக்ஸ் அதைத் திரும்பிப் பார்க்காது. ஒரு இன்சர்ட் குவெரியால் நடு ஜியோமெட்ரியை உருவாக்க வேண்டும். அதற்கு முகவரி கொடுக்கும்போது இடத்தின் முகவரியோடு வெறுமனே ஒரு வாலை ஒட்டாதீர்கள். சில இடங்களுக்குப் பி625 இரண்டு மூன்று இருக்கும், எல்லாம் ஒரே ஜியோமெட்ரிக்குள் போய்க் குழம்பும். எழுத்து வடிவத்தின் எம்டி5 மதிப்பை (எழுத்துகளிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறி) வாலாக ஒட்டினால் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும்.

மூன்றாவது, கிராஃப், அதாவது டிரிபிள்களைப் பிரித்து வைக்கும் தொகுப்பு. டேட்டாவைப் பெயருள்ள கிராஃபில் ஏற்றிவிட்டு டிஃபால்ட் கிராஃபில் தேடினால் ஒன்றும் வராது. ஜீனாவின் சேமிப்பகமான டிடிபி2 அமைப்பில் யூனியன்டிஃபால்ட்கிராஃப் என்பதை ட்ரூ ஆக்கினால் பெயருள்ள எல்லாக் கிராஃபும் ஒன்றாகத் தெரியும்.

இதற்கு ஒட்டிய இன்னொரு நிலைமையும் உண்டு. ஜீனாவின் "ஸ்பேஷியல்" வகைத் தேடலில் இன்ஜின் சில சமயம் வாயைத் திறந்தே சொல்லும்: எஸ்ஆர்எஸ் (ஆயத்தொலை முறை) கிடைக்கவில்லை, ஹேஸ்சீரியலைசேஷன் பண்பு இருக்கிறதா என்று பார், இன்ஃபரன்ஸிங் தேவைப்படலாம் என்று. ஆஸ்டபிள்யூகேடி என்பது ஹேஸ்சீரியலைசேஷனின் துணைப் பண்பு. டேட்டாவில் முதலாவது மட்டும் இருந்தால் இரண்டாவதை இன்ஃபரன்ஸ்தான் வருவிக்க வேண்டும். அமைப்புக் கோப்பில் இன்ஃபரன்ஸ் என்பதை ட்ரூ ஆக்கி மறுபடி தொடங்குங்கள். ஆனால் வருவித்த டிரிபிள்கள் டேட்டாசெட்டுக்குள்ளேயே எழுதப்படும் என்பதை மறக்க வேண்டாம். மூலத்தை மாசில்லாமல் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் பிரதியின்மேல் செய்யட்டும்.

கட்டம் காலியாக இருந்தால்

எழுத்து வடிவத்தின் டேட்டா டைப்பைப் பாருங்கள். டேட்டாடைப் ஃபங்ஷனால் தொகுத்து எண்ணினால் ஒரு நிமிட வேலை. சிஎஸ்வியிலிருந்து மாற்றிய டேட்டாவில் பாதி வெறும் ஸ்டிரிங்காக இருக்கும், டபிள்யூகேடிலிட்டரல் என்ற முத்திரை விழுந்திருக்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஃபங்ஷனுக்கு அல்ல. எஸ்டிஆர்டிடி ஃபங்ஷனால் முத்திரை குத்தித் திரும்ப எழுதலாம்.

அடுத்தது எழுத்து வடிவத்தின் உள்ளே. பாயிண்ட்டில் இரு எண்களுக்கு நடுவே இடைவெளி மட்டும்தான் வரும். இணைய வரைபடங்களிலிருந்து நகலெடுக்கும்போது "13.08, 80.27" என்று வரும். அதை அப்படியே அடைப்புக்குறிக்குள் ஒட்டினால் காற்புள்ளியும் தப்பு, வரிசையும் தப்பு. ஏற்றும்போது இது பிடிபடாது. அதிகம் போனால் ஒரு எச்சரிக்கை வரி ஓடும், டேட்டா உள்ளே போய்விடும். குவெரி வரும்போதுதான் பல்லை இளிக்கும்.

விக்கிடேட்டாவுக்கே உரிய இன்னொரு பொறி நிலா. பி625 பூமிக்கு மட்டுமானதல்ல, நிலாவின் பள்ளங்களுக்கும் செவ்வாயின் மலைகளுக்கும் அதே பண்புதான். அத்தகைய மதிப்புகளின் தொடக்கத்தில் கோண அடைப்புக்குள் அந்தக் கோளின் விக்கிடேட்டா முகவரி இருக்கும், நிலாவுக்குக் கியூ405. ஜீனா அந்த இடத்தில் எதிர்பார்ப்பது ஆயத்தொலை முறையின் முகவரி. நிலாவை அதற்குத் தெரியாது. மேலே சொன்ன இன்சர்ட் குவெரியிலேயே, கோண அடைப்புக்குறியில் தொடங்கும் மதிப்புகளை எஸ்டிஆர்ஸ்டார்ட்ஸ் மூலம் விலக்கிவிடுங்கள்.

அறிகுறி: பதில் வருகிறது, ஆனால் சென்னை ஆர்க்டிக் கடலில் இருக்கிறது

அச்சு வரிசைச் சண்டை. டபிள்யூகேடி எழுத்தில் ஆயத்தொலை முறை எதுவும் குறிப்பிடாவிட்டால் ஜியோஸ்பார்க்கிள் சிஆர்எஸ்84 என்ற முறையை எடுத்துக்கொள்ளும். அதில் தீர்க்கம் முதலில், அட்சம் பிறகு. எழுத்தின் முன்னால் ஈபிஎஸ்ஜி (ஆயத்தொலை முறைகளின் எண் பட்டியல்) 4326இன் முகவரியைப் போட்டுவிட்டால் வரிசை தலைகீழ்: அட்சம் முதலில். ஆகவே சென்னை, முகவரி இல்லாதபோது "80.27 13.08", 4326 முகவரியோடு "13.08 80.27". "தெளிவாக இருக்கட்டுமே" என்று நல்லெண்ணத்தோடு 4326 முகவரியைச் சேர்த்துவிட்டு எண்களை மாற்றாமல் விடுவதுதான் அடிக்கடி நடப்பது. விளைவு: அட்சம் 80.27, தீர்க்கம் 13.08. ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே பனிக்கடல்.

தமிழ்நாட்டு டேட்டாவில் இது கூடுதல் ஆபத்து. சிங்கப்பூரின் தீர்க்கம் 103.8. அதை அட்சமாகப் போட்டால் 90ஐத் தாண்டுவதால் எங்காவது இடறி வெளியே வரும். தமிழ்நாட்டின் தீர்க்கம் முழுவதும் 76.2க்கும் 80.4க்கும் இடையில். தலைகீழாகப் போட்டாலும் அது செல்லுபடியாகும் அட்சம்தான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இரண்டு புள்ளியுமே தலைகீழாக இருந்தால் தூரம்கூட ஏதோ ஒரு நியாயமான எண்ணாகவே வரும். ஆகவே ஏற்றியதும் சிறும, பெரும மதிப்புகளை எடுத்துப் பாருங்கள். அட்சம் 8.0 முதல் 13.6 வரை, தீர்க்கம் மேலே சொன்ன வரம்பில். இதற்கு வெளியே ஒரு புள்ளி இருந்தாலும் காரணம் தெரியாமல் மேலே போக வேண்டாம்.

இதே சண்டையின் இன்னொரு முகம்: ஜீனாவின் சொந்த ஸ்பேஷியல் பண்புகளான நியர்பை, வித்தின்சர்க்கிள், வித்தின்பாக்ஸ் ஆகியவை எப்போதும் அட்சத்தைத்தான் முதலில் கேட்கும். ஒரே குவெரியில் டபிள்யூகேடிக்கு ஒரு வரிசை, நியர்பைக்கு மறு வரிசை. தரம் வகுத்தவர்களையும் நிரல் எழுதியவர்களையும் மனதுக்குள் திட்டிவிட்டு, மாறிகளுக்கு "அட்சம்", "தீர்க்கம்" என்றே பெயர் வைத்துக்கொள்வது பிழைக்கும் வழி.

வரம்புச் சோதனையில் 4,21,000, 14,46,000 மாதிரி எண்கள் தென்பட்டால் அது வேறு கதை. டேட்டா யூடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து அளக்கும் முறை) மீட்டரில் இருக்கிறது, முகவரி விடுபட்டிருக்கிறது. சென்னையும் மதுரையும் 44 வடக்கு மண்டலம், ஈபிஎஸ்ஜி 32644. கோயம்புத்தூர் 78 பாகைக்கு மேற்கே இருப்பதால் 43 வடக்கு, ஈபிஎஸ்ஜி 32643. மாநிலம் முழுவதற்கும் ஒரே மண்டல எண்ணை ஒட்டினால் மேற்கு மாவட்டங்கள் இடம்பெயர்ந்துவிடும்.

அறிகுறி: தூரம் 3.82 என்று வருகிறது, அல்லது 500 மீட்டர் கேட்டால் பாதி மாநிலம் வருகிறது

3.82 என்பது சென்னைக்கும் மதுரைக்கும் இடையே உள்ள தூரம், பாகையில். நேர்கோட்டில் அது சுமார் 421 கி.மீ. டிஸ்டன்ஸ் ஃபங்ஷனின் மூன்றாவது இடத்தில் பாகை அலகைக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது உங்கள் இன்ஜின் அலகைப் பொருட்படுத்தவில்லை. பாகையை 111ஆல் பெருக்கிக்கொள்ளலாம் என்ற குறுக்கு வழி வேண்டாம். வடக்கு தெற்காக ஒரு பாகை ஏறத்தாழ 111 கி.மீ. என்றாலும், கிழக்கு மேற்காக ஒரு பாகை சென்னையில் 108 கி.மீ., 60ஆம் அட்சத்தில் 56 கி.மீ.தான். மீட்டர் அலகின் முகவரியைக் கொடுங்கள். ஓஜிசி அந்தச் சொல்லைப் பிரிட்டிஷ் முறையில் எழுதுகிறது, கடைசியில் "ஆர், இ" என்று முடியும். "இ, ஆர்" என்று முடித்தால் சில இன்ஜின்கள் ஏற்கும், மற்றவை கட்டத்தைக் காலியாக விடும்.

பாதி மாநிலம் வருவது நியர்பையில். அலகைக் குறிப்பிடாமல் 500 என்று மட்டும் கொடுத்தால் ஜீனா அதைக் கிலோமீட்டராகவே எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: நேற்று ஏற்றியவை கிடைக்கின்றன, இன்று சேர்த்தவை கிடைக்கவில்லை

சாதாரண டிரிபிள் பேட்டர்னில் புதிய இடம் தெரியும், நியர்பையில் மட்டும் தெரியாது என்றால் டேட்டா சரி, இண்டெக்ஸ் பழையது. ஜீனாவின் 4ஆம் வரிசைப் பதிப்புகள் ஜேடிஎஸ் நூலகத்தின் எஸ்டிஆர்ட்ரீ என்ற மர வடிவ இண்டெக்ஸை நினைவகத்தில் கட்டிக்கொள்கின்றன. அந்த மரம் ஒருமுறை கட்டி முடித்ததும் புதிய கிளை ஏற்காது, அதன் வடிவமைப்பே அப்படி. சர்வரை நிறுத்தித் தொடங்கினாலும் போதாது. ஸ்பேஷியல் இண்டெக்ஸ் கோப்பு வட்டில் இருந்தால் அதையே எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். ஆகவே:

1. ஃபியூஸெகியை நிறுத்துங்கள்.
2. அமைப்புக் கோப்பில் ஸ்பேஷியல்இண்டெக்ஸ்ஃபைல் என்பதற்கு எதிரே உள்ள பாதையைப் பார்த்து, அந்தக் கோப்பை மட்டும் அழியுங்கள். பக்கத்தில் இருக்கும் டிடிபி2 அடைவைத் தொட வேண்டாம்.
3. மறுபடி தொடங்கி, லாகில் இண்டெக்ஸ் கட்டி முடித்த வரி வரும்வரை பொறுங்கள்.

அடிக்கடி மாறும் டேட்டா என்றால் இதை இரவு வேலையாக க்ரானில் போடுங்கள். 5ஆம் வரிசையின் பிந்தைய பதிப்புகளில் இண்டெக்ஸ் பகுதி மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. மேம்படுத்தும்போது பழைய இண்டெக்ஸ் கோப்பை அழித்துவிட்டே தொடங்குங்கள்.

அறிகுறி: குவெரி முடிவதே இல்லை

ஜீனாவில் ஜியோஎஃப் பிரிஃபிக்ஸ் கொண்ட இட ஃபங்ஷன்களை ஃபில்டருக்குள் போட்டால் இண்டெக்ஸ் பயன்படாது. ஒவ்வொரு ஜோடியாகச் சோதிக்கும். 10,000 புள்ளிகளை 38 மாவட்ட எல்லைகளோடு ஒப்பிட்டால் 3,80,000 சோதனை. ஒவ்வொரு எல்லையிலும் ஆயிரக்கணக்கான முனைகள் இருந்தால் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. அதே உறவைப் பண்பாக எழுதுங்கள்: "?புள்ளி புவி:எஸ்எஃப்வித்தின் ?மாவட்டம்". இப்படி எழுதினால் இண்டெக்ஸ் வேலைக்கு வரும், ஆனால் ஒரு பக்கம் ஏற்கெனவே கட்டுண்டிருக்க வேண்டும். மாவட்டத்தைப் பெயரால் பிடிக்கும் வரியை மேலேயும் இட உறவைக் கீழேயும் வையுங்கள். இரண்டு பக்கமும் திறந்திருந்தால் பண்பாக எழுதியும் பயனில்லை.

பண்பு வடிவத்தில் ஜியோமெட்ரிகளுக்கு இடையே பதில் வந்து, இடங்களுக்கு இடையே வரவில்லை என்றால் ஹேஸ்டிஃபால்ட்ஜியோமெட்ரி இல்லை என்று பொருள். அப்ளைடிஃபால்ட்ஜியோமெட்ரி என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால், ஒற்றை ஜியோமெட்ரி உள்ள இடங்களுக்கு அது தானே சேர்த்துவிடும். கூடவே குவெரிரீரைட்டும் ட்ரூவாக இருக்க வேண்டும்.

இதற்குமேலும் மெதுவாக இருந்தால் எங்கள் பரிந்துரை கணக்கையே தவிர்ப்பது. எந்த ஊர் எந்த மாவட்டத்தில் என்பது தினமும் மாறுவதில்லை. ஒருமுறை ஓட்டி, விடையைச் சாதாரண டிரிபிளாக இன்சர்ட் செய்துவிடுங்கள். கொள்கைப்படி பார்த்தால் இது அழகில்லைதான். ஆனால் குவெரி மில்லிசெகண்டில் முடியும்.

நினைவகம் நிரம்பி சர்வர் விழுந்தால் இண்டெக்ஸ்சைஸஸ் அமைப்பைப் பாருங்கள். இயல்பு மதிப்பு மூன்றும் கழித்தல் 1, அதாவது வரம்பே இல்லை. ஜியோமெட்ரி எழுத்து, உருமாற்றம், குவெரி ரீரைட் என்ற மூன்று தற்காலிகச் சேமிப்புகளுக்கு அது. முதல் இரண்டுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். 0 என்றால் சேமிப்பே கிடையாது.

அறிகுறி: டோப்பாலஜி எக்ஸெப்ஷன், அல்லது "மூடாத வளையம்"

பாலிகனின் முதல் முனையும் கடைசி முனையும் இம்மியும் மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். தசம இலக்கங்களைச் சுருக்கும் ஸ்கிரிப்ட் ஒரு முனையை மட்டும் சுருக்கிவிட்டால் வளையம் மூடாது. டோப்பாலஜி எக்ஸெப்ஷன் வந்தால் எல்லைக்கோடு தன்னையே வெட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு எளிமையாக்கியதன் பலன். டிரிபிள் ஸ்டோருக்குள் இதைச் சரிசெய்ய முயல வேண்டாம். ஏற்றுவதற்கு முன், இட டேட்டாபேஸ் நீட்சியான போஸ்ட்ஜிஸின் எஸ்டி மேக்வேலிட் ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள். பூஜ்ய அளவு பஃபர் (வடிவத்தைச் சுற்றிப் போடும் பட்டை) போடும் பழைய வித்தையும் வேலை செய்யும், ஆனால் எட்டு வடிவத்தில் முறுக்கிய பாலிகனில் ஒரு பாதியை விழுங்கிவிடக்கூடும். பரப்பளவை முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.

அறிகுறி: எல்லையோரப் புள்ளிகள் எந்த மாவட்டத்திலும் இல்லை

எஸ்எஃப்வித்தின் விதிப்படி எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கும் புள்ளி உள்ளே இருப்பதாகாது. இரண்டு மாவட்டமும் கைவிட்டுவிடும். எஸ்எஃப்இன்டர்செக்ட்ஸ் போட்டால் இரண்டும் உரிமை கொண்டாடும், அதைக் குவெரியில் நீங்கள்தான் தீர்க்க வேண்டும். கடற்கரையில் காரணம் வேறு: எளிமையாக்கிய எல்லை கரையை வெட்டிச் செல்வதால் துறைமுகமும் கலங்கரை விளக்கமும் கடலில் நிற்கும். அவற்றுக்கு மட்டும் 500 மீட்டர் பஃபர் போட்டு இரண்டாம் சுற்று ஓட்டுங்கள். எல்லா மாவட்டத்துக்கும் பஃபர் போட்டால் உள்நாட்டு எல்லைகளில் புதிய சண்டை மூளும்.

அறிகுறி: எஸ்ஐஎஸ் டேட்டா எச்சரிக்கை, ஈபிஎஸ்ஜி எண் தெரியவில்லை என்ற பிழை

தொடக்கத்தில் எஸ்ஐஎஸ் டேட்டா என்ற சூழல் மாறி அமைக்கப்படவில்லை என்று ஒரு வரி வரும். சிஆர்எஸ்84இல் மட்டும் வேலை செய்பவர்கள் அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. 32644 மாதிரி எண்களைத் தொடும்போது அது பிழையாக மாறலாம். ஆயங்களை மாற்றும் வேலையை ஜீனா அப்பாச்சி எஸ்ஐஎஸ் நூலகத்திடம் விட்டிருக்கிறது. ஈபிஎஸ்ஜி அட்டவணையின் உரிமம் அப்பாச்சி உரிமத்தோடு ஒத்துப்போகாததால் அது கூடவே வருவதில்லை. எம்பெடட் டேட்டா என்ற தனி ஜாரை, உங்கள் எஸ்ஐஎஸ் பதிப்புக்கு ஒத்த பதிப்பாகப் பார்த்து, கிளாஸ்பாத்தில் சேர்க்க வேண்டும்.

வேறு ஸ்டோர்களில்

கிராஃப்டிபியில் ஜியோஸ்பார்க்கிள் பிளகின் இயல்பாக அணைந்திருக்கும். எனேபிள்ட் என்ற பண்பை ட்ரூ என்று இன்சர்ட் செய்தால்தான் இண்டெக்ஸ் கட்டும். துல்லிய அளவை மாற்றினால் ஃபோர்ஸ்ரீஇண்டெக்ஸையும் ஓட்டுங்கள். விர்ச்சுவோசோவில் லேட், லாங் எண்களை மட்டும் ஏற்றியிருந்தால் ஆர்டிஎஃப் ஜியோ ஃபில் என்ற ஸ்டோர்டு புரொசீஜரை ஓட்டினால்தான் அவை புள்ளிகளாகும். அங்கே எஸ்டி இன்டர்செக்ட்ஸின் மூன்றாவது எண் கிலோமீட்டர். பிளேஸ்கிராஃபில் ஜியோஸ்பேஷியல் என்பதை நேம்ஸ்பேஸ் உருவாக்கும்போதே ட்ரூ ஆக்கியிருக்க வேண்டும். டேட்டா ஏற்றிய பிறகு நினைவுக்கு வந்தால் புதிய நேம்ஸ்பேஸ் திறந்து முதலிலிருந்து ஏற்றுவதைத் தவிர வழியில்லை.